மேகத்துக்கு எத்தனை விதை? மூணாற்றில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் எஸ்டேட் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்து கொஞ்சம் அறிவியல் பேசுவது வழக்கம். ஒரு வாரம் நகரத்துப் புகை மேகத்தை என்ன செய்கிறது என்று பேசினேன். அன்றிலிருந்து ஜீப் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் ரேஷன் வரிசையிலும் அதே கேள்விகள்தான். கேட்பவர்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் உண்டு, நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த அத்தையும் உண்டு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

காலையில் லயத்துக்குள் (தோட்டக் குடியிருப்பு வரிசைக்குள்) வருவது பனியா, மேகமா?

பெரும்பாலும் மேகம்தான். மூணாறு டவுனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொச்சியில் நிற்பவர் அண்ணாந்து பார்க்கும் மேகத்தின் அடிவயிறு நமக்கு வாசற்படி. பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. மலையாளத்தில் மஞ்ஞு என்றால் பனி. பழைய தமிழில் மஞ்சு என்றால் மேகம். இங்கே இரண்டும் ஒன்றாகவே வந்து நிற்பதால் எந்த மொழிக்காரர் சொன்னாலும் சரி.

சந்தேகம் இருந்தால் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் வெளியே நின்று பாருங்கள். கண்ணாடியில் ஒட்டுகிற துளிகள்தான் மேகத் துளிகள். கம்பளிச் சட்டையின் நூல் முனைகளில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக நிற்பதும் அதுவே. மழை பெய்யாமலேயே தலை நனைவது அப்படித்தான்.

மேகம் என்பது நீராவிதானே? அதற்குத் துகள் எதற்கு?

நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேகம் தெரிகிறது என்றால் ஆவி துளியாகிவிட்டது என்று அர்த்தம். ஆவி தானாகத் துளியாகாது, உட்கார ஒரு இடம் வேண்டும். குளிர்ந்த டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அங்கே டம்ளர்தான் அந்த இடம். வானத்தில் டம்ளர் கிடையாது. அதனால் காற்றில் மிதக்கும் பொடித் துகளின் மேல் உட்காருகிறது.

துகளே இல்லாத சுத்தமான காற்றில் ஆவி தானாகவே கூடித் துளியாக வேண்டுமானால் ஈரப்பதம் நூறு சதவீதத்தைப் பல மடங்கு தாண்ட வேண்டும். நிஜ மேகத்துக்குள் அது 100-ஐத் தாண்டுவதே அரை சதவீதம், ஒரு சதவீதம் என்கிற கணக்கில்தான். ஆகவே துகள் இல்லையேல் மேகம் இல்லை.

இதை வாசகசாலையில் செய்து காட்டினேன். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் நாலு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மூடியைத் திருகி, பாட்டிலை நன்றாக அமுக்கிப் பட்டென்று விட வேண்டும். அமுக்கம் விடும்போது உள்ளே காற்று விரிந்து குளிரும், மலையேறும் காற்று குளிர்கிற மாதிரியே. முதல் தடவை லேசாக ஒரு மங்கல் தெரிந்தது. அறைக் காற்றில் ஏற்கெனவே இருந்த தூசி செய்த வேலை அது. பாட்டிலைத் திறக்காமல் திரும்பத் திரும்ப அமுக்கி விட்டு, ஒவ்வொரு தடவையும் துளிகள் அடியில் படிய விட்டோம். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு எவ்வளவு அமுக்கி விட்டாலும் உள்ளே ஒன்றுமில்லை. தண்ணீர் இருக்கிறது, குளிர்ச்சி இருக்கிறது, மேகம் இல்லை! அப்புறம் மூடியைத் திறந்து, ஊதி அணைத்த ஊதுபத்தியின் புகையில் ஒரு இழை மட்டும் உள்ளே விட்டு மூடினோம். அடுத்த அமுக்கில் பாட்டில் முழுக்கப் பால் கலந்த மாதிரி வெள்ளை. பின்வரிசைப் பையன் ஒருவன் "மாட்டுப்பெட்டி டேம் காலையில இப்படித்தான் இருக்கும்" என்றான்.

பிரான்சில் கூலியே என்பவர் 1875-இல் கிட்டத்தட்ட இதையேதான் கண்ணாடிக் குடுவையில் கண்டார். பஞ்சு வழியாக வடிகட்டிய காற்றில் மூடுபனி வரவில்லை. பின்னர் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன், காற்றில் எத்தனை துகள் என்று எண்ணவே ஒரு கருவி செய்தார்.

இந்தத் துகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

மேகக் கரு என்பது சரியான சொல்தான். ஆனால் துகளையும் சேர்த்து "மேகக் கருத்துகள்" என்று எழுதினால் மேகத்தின் அபிப்பிராயம் போல் ஆகிவிடுகிறது. அதனால் நான் மேக விதை என்றே சொல்கிறேன்.

விதை எவ்வளவு பெரியது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு. அதாவது 0.1 மைக்ரான். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். விதையின் மேல் தண்ணீர் சேர்ந்து மேகத் துளியாகும்போது 10, 20 மைக்ரான். கீழே விழும் நடுத்தர மழைத்துளி 2 மில்லிமீட்டர். ஒரு மழைத்துளிக்குள் சுமார் பத்து லட்சம் மேகத் துளிகளின் தண்ணீர் இருக்கிறது. இந்தப் பத்து லட்சத்தை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எத்தனை விதை என்றால், நடுக்கடலில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில், அதாவது சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில், நூறு போல இருக்கும். நிலத்தின் மேல் சில நூறுகளிலிருந்து ஆயிரம் வரை. புகை மண்டிய நகரத்துக் காற்றில் பல ஆயிரம்.

எல்லாப் புகையும் மேக விதையா?

இல்லை. கரும்புகை விட்டுக்கொண்டு போகும் லாரியின் புதுப் புகைக்கரி எண்ணெய்ப்பசை மாதிரி, தண்ணீர் ஒட்டாது. வாழை இலையில் தண்ணீர் விட்டால் உருண்டு ஓடுகிற கதைதான். ஆனால் அந்தக் கரி ஒருநாள், இரண்டுநாள் காற்றில் அலைந்தால் அதன்மேல் கந்தக அமிலமும் வேறு ஆவிகளும் படிந்து மேல்பூச்சு ஏறுகிறது. அப்புறம் தண்ணீர் பிடிக்கும். டவுனில் கிளம்பும்போது உதவாக்கரையாக இருந்தது மலைக்கு வந்து சேரும்போது விதையாகியிருக்கும்.

நல்ல விதை என்றால் உப்பு. கடலுப்பு, அமோனியம் சல்பேட், அமோனியம் நைட்ரேட். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிந்து கிடக்கிறதே, தண்ணீரைப் பிடிக்கிற அந்தக் குணம்தான் இங்கே வேண்டும். அனல்மின் நிலையத்தின் நிலக்கரியிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு வாயுவாகப் புறப்பட்டு, வெயிலிலும் மேகத் தண்ணீரிலும் சல்பேட்டாக மாறுகிறது. புகைக்குழாய் வாயில் தூசியைப் பிடித்தாலும் வாயு தப்பிப் போய் வழியில் தூசியாகிறது என்பது பலருக்குத் தெரியாத விஷயம். வாகன டீசலில் கந்தகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறக்கினார்கள்.

அளவும் குணமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. சின்னத் துகளில் ஆவி ஒட்டுவது கஷ்டம், வளைவு அதிகம் என்பதால் ஒட்டியது உடனே பறந்துவிடும். உப்பு கரைந்திருந்தால் பறக்காமல் பிடித்து வைக்கும். இந்த இழுபறியைச் சமன்பாடாக எழுதியவர் ஸ்வீடன்காரர் கோஹ்லர், 1936-இல். இன்றைக்கும் மேக விதை பற்றிய எந்தக் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

புகை கூடினால் விதை கூடும், விதை கூடினால் மழையும் கூட வேண்டும்தானே?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. எல்லோரும் தடுக்கி விழுகிற இடமும் இதுவே. கேட்பவர் கணக்கு நியாயமானதுதான். நிலத்தில் விதை கூட விதைத்தால் விளைச்சல் கூடும் என்று நினைக்கிறோம். ஆனால் நெருக்கி விதைத்த கீரைப் பாத்தியைப் பார்த்திருப்பீர்கள், எல்லாம் முளைக்கும், ஒன்றும் தேறாது.

மேகத்தில் தண்ணீர் எவ்வளவு என்பதைப் புகை முடிவு செய்வதில்லை. காற்று எவ்வளவு ஈரத்தோடு வந்தது, எவ்வளவு உயரம் ஏறிக் குளிர்ந்தது என்பதே முடிவு செய்கிறது. ஒரு கன மீட்டர் மேகத்தில் அரை கிராம் தண்ணீர் என்று வையுங்கள். சொட்டு மருந்துக் குழாயில் பத்துச் சொட்டு. இந்தப் பத்துச் சொட்டைப் பங்கு போடுவதுதான் கணக்கு. கடல் காற்றில் கன சென்டிமீட்டருக்கு நூறு விதை என்றால் ஒவ்வொரு துளியும் சுமார் 21 மைக்ரான் விட்டம் வரும். நகரத்துக் காற்றில் ஆயிரம் விதை என்று வைத்தாலே 10 மைக்ரான்தான். அரை லிட்டர் பாலில் நாலு பேருக்கு டீ போட்டால் டீ. நாற்பது பேருக்குப் போட்டால் அதற்குப் பெயர் வேறு.

இனி அந்தப் பத்து லட்சத்துக்கு வருவோம். நம் உயரத்து மேகங்களில் மழை எப்படி வருகிறது? பெரிய துளி கொஞ்சம் வேகமாகக் கீழே இறங்கும், வழியில் சின்னதை மோதிச் சேர்த்துக்கொள்ளும், சேரச் சேர இன்னும் வேகம். துளியின் விட்டம் சுமார் 28 மைக்ரானைத் தொட்டால்தான் இந்தச் சேர்க்கை சூடு பிடிக்கிறது. எல்லாத் துளியும் ஒரே மாதிரி பொடியாக இருந்தால் யாரும் யாரையும் மோத மாட்டார்கள், எல்லோரும் ஒரே வேகத்தில் மிதப்பார்கள். 20 மைக்ரான் துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் விழும். 10 மைக்ரான் துளி அதில் கால்பங்குதான். கீழிருந்து மேலே ஏறும் காற்று இவற்றைத் தாங்கிப் பிடிக்கவே போதும்.

விளைவு என்ன? மேகம் வெள்ளையாக, அடர்த்தியாக, பார்க்க வெகு ஜோராக இருக்கும். மழை தாமதமாகும், அல்லது தூறாமலே கலைந்து போகும். பொடித் துளிகள் கூடினால் மேகம் வெயிலை அதிகம் திருப்பி அனுப்பும் என்று 1970-களில் சொன்னவர் டுவோமி. தூறல் குறைவதால் மேகம் நீண்ட நேரம் தங்கும் என்று 1989-இல் சொன்னவர் ஆல்பிரெக்ட். வெள்ளை கூடுவதற்குக் கடலிலேயே சாட்சி உண்டு. கப்பல் போன பாதையில், அதன் புகையால், கடல் மேகத்தில் வெள்ளைக் கோடு விழுவதை 1960-களிலேயே செயற்கைக்கோள் படங்களில் பார்த்துவிட்டார்கள்.

அப்படியென்றால் மாசு மழையைக் குறைக்கிறது என்று எழுதிக்கொள்ளலாமா?

வேண்டாம். மெல்லிய, குட்டையான மேகத்துக்கு அது பொருந்தும். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் கோபுரம் போல எழும் இடி மேகத்தின் கதை வேறு. அங்கே பொடித் துளிகள் தூறாமல் மேலேயே போய், சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் உறைநிலையைத் தாண்டி ஐஸாகின்றன. உறையும்போது வெப்பம் வெளிப்பட்டு மேகத்தை இன்னும் மேலே தள்ளும், அதனால் மழையும் இடியும் பலமாகலாம் என்று ஒரு கட்சி. அந்த விளைவு சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை என்று இன்னொரு கட்சி. விஞ்ஞானிகள் இன்னும் இதில் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாட்ஸாப்பில் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்பவரை நம்பாதீர்கள்.

பொதுமுடக்கத்தில் காற்று சுத்தமானதே, அப்போது மேக விதை என்ன ஆயிற்று?

2020 மார்ச் 25-க்குப் பிறகு சில வாரங்கள் நாடே ஒரு பெரிய பரிசோதனைக்கூடம் ஆனது. வண்டி இல்லை, பெரும்பாலான பேக்டரி இல்லை. டவுனில் ஜீப் சத்தமே இல்லாத அந்த நாட்கள் எங்களுக்கும் ஞாபகம் இருக்கிறது. இப்படி ஒரு வாய்ப்பு ஆராய்ச்சியாளருக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

இந்தியக் கடலோரத்தில் அப்போது எடுத்த அளவுகளை வைத்து சென்னை ஐஐடி குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. முடக்கம் தளர்ந்து மனிதப் புகை திரும்பியதும் மேக விதைகளின் எண்ணிக்கை 80 முதல் 250 சதவீதம் வரை கூடியது என்றது அது. இதில் எனக்குச் சுவாரசியமான பகுதி வேறு. காற்றில் வாயுக்கள் கூடிப் புத்தம்புதுத் துகளாகப் பிறக்கும் நிகழ்வுகள் உண்டு. முடக்கத்துக்குப் பின் அந்தப் பிறப்பு குறைந்தது, ஆனாலும் விதைகள் கூடின. காரணம், மனிதர் விடும் கரிமப் பொருட்கள் ஏற்கெனவே காற்றில் இருக்கும் துகள்களின் மேல் படிந்து அவற்றைத் தேற்றிவிட்டன. புதுப்பிள்ளை குறைந்தது, இருக்கிற பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிட்டார்கள். இந்தக் கரிமப் பொருளைச் சரியாகக் கணக்கில் எடுக்காத கணினி மாதிரிகள் மேகத்தையும் தப்பாகவே சொல்லும்.

கொச்சிப் புகை இங்கே வருமா? தேனிப் புகை?

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துப் புகை வரும். நாம் எல்லை மேட்டில் உட்கார்ந்திருப்பதால் இரண்டு மாநிலமும் மாறி மாறி அனுப்பும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று. அரபிக்கடல் உப்பு, வழியில் கொச்சித் தொழிற்பேட்டைக் காற்று, எல்லாம் சேர்ந்து மலையேறும். சாலைவழி 130 கிலோமீட்டர் என்றாலும் காற்றுவழியில் 85 போலத்தான், மூன்று நான்கு மணி நேரப் பயணம். ஆனால் அப்போது மழை கொட்டுவதால் வழியிலேயே கழுவிவிடும். நம் ஊர்க் காற்று வருஷத்தில் மிகச் சுத்தமாக இருப்பது அந்த மாதங்களில்தான்.

டிசம்பர் முதல் மார்ச் வரை தலைகீழ். காற்று கிழக்கிலிருந்து, மழையும் கிடையாது. ஜனவரியில் விடியற்காலை டாப் ஸ்டேஷன் போய்த் தேனிப் பக்கம் பாருங்கள். டூரிஸ்ட் எல்லோரும் சூரியனைப் படம் எடுப்பார்கள். நீங்கள் சூரியனுக்குக் கீழே பாருங்கள். சமவெளி தெரியாது. அதன் மேல் பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு படலம், மேல் விளிம்பு ஸ்கேல் வைத்து வெட்டிய மாதிரி நேராக இருக்கும். அதற்கு மேலே வானம் சுத்த நீலம். இரவில் தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக மூடி போட்டுவிடுவதால் புகை மேலே ஏற முடியாமல் அந்த மட்டத்தில் நிற்கிறது. பத்து, பதினொரு மணிக்கு வெயில் ஏற ஏற மூடி உடைந்து கோடு கலங்கும். அப்புறம் மெதுவாகப் பள்ளத்தாக்கு வழியே குரங்கணிப் பக்கமிருந்து மேலே வரும். சமவெளி மாசு நம் மேகத்தில் சேருகிற நேரம் அது.

அந்தப் பழுப்புப் படலம் தேனியோடு நிற்பதல்ல. சென்னையில் பிறந்த வி. ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் 1999-இல் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் பரிசோதனையில், குளிர்காலத்தில் துணைக்கண்டத்தின் புகை வடக்கு இந்தியப் பெருங்கடல் மேல் சுமார் மூன்று கிலோமீட்டர் தடிமனுக்குப் போர்வை போல விரிந்து கிடப்பதைப் பார்த்தார்கள். அதிலுள்ள கரி வெயிலை உறிஞ்சிச் சுற்றியிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்றில் மேகத் துளி ஆவியாகிவிடும். அதாவது அதே புகை மேகத்துக்கு விதையும் போடும், சில நேரம் அடுப்பும் வைக்கும்.

எல்லாம் நகரத்து மேல் போட்டாகிவிட்டது. நம் அடுப்பு, நம் பேக்டரி?

நியாயமான கேள்வி. தேயிலை காய வைக்க கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) விறகு எரிகிறது. லயத்தில் குளிருக்கு விறகடுப்பு எரிகிறது. குளிர்காலத்துக் காலை ஆறரைக்கு மேட்டிலிருந்து பார்த்தால் லயத்துக் கூரைகளுக்கு மேல் புகை வெள்ளை வேட்டி விரித்த மாதிரி படிந்து நிற்கும். டாப் ஸ்டேஷனில் பெரிதாகப் பார்த்த அதே மூடி, இங்கே நம் வீட்டு அளவில். விறகுப் புகையும் விதைதான், அதில் பொட்டாசியம் உப்புகள் உண்டு.

பேசாமல் விட முடியாதது குப்பை. பிளாஸ்டிக் எரித்தால், அதிலும் பிவிசி எரித்தால், ஹைட்ரஜன் குளோரைடு வரும். அது காற்றிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து அமோனியம் குளோரைடு ஆகும். தண்ணீரை அள்ளிக் குடிக்கிற உப்பு அது. டெல்லியில் குளிர்காலத்து மூடுபனி ஏன் அவ்வளவு மோசம் என்று தேடிய சென்னை ஐஐடி குழு 2021-இல் கண்டது இதைத்தான். கண்ணை மறைக்கும் மூடலில் ஏறத்தாழப் பாதிக்கு இந்தக் குளோரைடும் அது பிடித்து வைக்கும் தண்ணீரும் காரணம். சென்னையில் போகி விடியலில் விமானம் தாமதமாவதற்கும் இதே குடும்பத்துக் காரணம்தான்: குளிர்ந்த ஈரக் காற்று, மேலே மூடி, கீழே ஊரெல்லாம் ஒரே நேரத்தில் புகை. நம் பக்கம் குப்பை வண்டி வராத வளைவுகளில் ராத்திரி எரிகிற கவர்களை எண்ணிப் பார்த்தால், டெல்லியைப் பார்த்து உச்சுக்கொட்ட நமக்குப் பெரிய தகுதி இல்லை.

காடு விதை போடாதா?

போடும். பூஞ்சை வித்து, மகரந்தம், பாக்டீரியா, இலைத் துணுக்கு எல்லாம் காற்றில் உண்டு. 2014 தென்மேற்குப் பருவத்தில் சென்னை ஐஐடியினர் மூணாற்றிலேயே கருவி வைத்து, ஒளி பட்டால் மின்னுகிற உயிர்த் துகள்களை எண்ணினார்கள். ஒரு லிட்டர் காற்றுக்குச் சராசரி இருபது போல. நகர விதை கன சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கில் என்பதோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமில்லை. ஆனால் இவை உருவத்தில் பெரியவை. ஒரு பெரிய விதை விழுந்தால் அதில் பிறக்கும் துளி மற்றதை மோதிச் சேர்க்கத் தொடங்கும். சிலவற்றால் ஐஸ் உறைவதும் சுலபமாகும். கூட்டத்தைவிடச் சில நேரம் ஒரு ஆள் போதும்.

செயற்கை மழை இதே வித்தைதானா?

கிட்டத்தட்ட. சூடான மேகத்தில் பெரிய உப்புத் துகளை விமானத்திலிருந்து தூவுவார்கள், நான் இப்போது சொன்ன பெரிய விதை வேலைக்காக. குளிர் மேகத்துக்கு சில்வர் அயோடைடு. இருக்கிற மேகத்தைத் தட்டிவிடலாம். இல்லாத மேகத்தை வரவழைக்க முடியாது.

2020-இல் பெட்டிமுடியில் பெய்த மழைக்கும் மாசுக்கும் சம்பந்தம் உண்டா?

இதைக் கேட்பவர்கள் அறிவியலுக்காக மட்டும் கேட்பதில்லை. ஆகஸ்ட் 6 ராத்திரி மண் சரிந்து எழுபது பேர் போனார்கள். அத்தனை பேரும் நம்மவர்கள். அந்த மேகங்கள் அரபிக்கடலின் ஈரத்தைப் பருவக்காற்று தொடர்ந்து மலையில் மோதியதால் வந்தவை. ஒரு நாள் மழையை ஒரு புகைக்குழாயின் பெயரில் எழுதிவைக்க அறிவியலில் வழி இல்லை. அப்படிச் சொல்பவர் ஏதோ ஒன்றை விற்க வந்திருக்கிறார், அல்லது யாரையோ காப்பாற்ற வந்திருக்கிறார்.

காற்றைச் சுத்தம் செய்தால் பூமி இன்னும் சூடாகும் என்கிறார்களே?

முழுப் பொய் இல்லை. வெள்ளை மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரி முதல் உலகக் கப்பல்களின் எரிபொருளில் கந்தகத்தை 3.5 சதவீதத்திலிருந்து 0.5-க்கு இறக்கினார்கள், கடல் மேகத்து வெள்ளைக் கோடுகள் வெகுவாகக் குறைந்தன. கொஞ்சம் நிழல் போயிற்று. ஆனால் அந்த நிழலுக்காக யாரும் நுரையீரலை வாடகைக்கு விட முடியாது. துகள் ஒரு வாரத்தில் மழையோடு இறங்கிவிடும், கார்பன் டை ஆக்சைடு பல நூறு வருஷம் நிற்கும். நிழல் மறைத்து வைத்திருந்த கடன் அது.

போனில் காற்றுத் தரம் பச்சை காட்டுகிறது. விதையும் குறைவு என்று அர்த்தமா?

அவசியமில்லை. காற்றுத் தரக் குறியீடு பெரும்பாலும் துகளின் எடையைப் பார்க்கிறது, மேகம் எண்ணிக்கையைப் பார்க்கிறது. 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு 0.1 மைக்ரான் துகள் 15,625 வேண்டும் (25-ஐ 25-ஆல் இரண்டு தடவை பெருக்கிப் பாருங்கள்). பெரிய தூசி நாலு குறைந்தாலே குறியீடு பச்சைக்கு வந்துவிடும், பொடி விதைகள் அப்படியே இருக்கலாம்.

விதையை எண்ண வேறு கருவி இருக்கிறது. செங்குத்தான ஒரு குழாய், உள்சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும், மேலிருந்து கீழே போகப் போகச் சூடு கூடும். அதனால் நடுவில் ஈரப்பதம் 100-ஐக் கொஞ்சம் தாண்டும். காற்றை உள்ளே விட்டால் விதையாகத் தகுதி உள்ளது துளியாக வீங்கும், மற்றது அப்படியே போகும். வீங்கியவற்றைக் கீழே லேசர் எண்ணும். நான் பாட்டிலில் காட்டிய வித்தையைக் கணக்குப் பிள்ளை வைத்துச் செய்கிற மாதிரி. திருவனந்தபுரத்து தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் ராஜமலையில் ஒரு மேக இயற்பியல் ஆய்வகம் வைத்திருக்கிறது. மேகம் தானாக வந்து வாசலில் நிற்கிற ஊரில் மேகத்தை அளக்க விமானம் எதற்கு?

ஹோம்ஸ்டேயில் ஒரு காற்று மீட்டர் வாங்கி மாட்டினேன். மேகம் இறங்கினால் 300-ஐத் தாண்டுகிறது. மூணாறு டெல்லி ஆகிவிட்டதா?

இதைக் கேட்ட அண்ணன் நிஜமாகவே பயந்து போயிருந்தார். கெஸ்ட் யாராவது பார்த்தால் ரூமைக் காலி செய்வார்களே என்று துண்டு போட்டு மூடி வைத்திருந்தார். நான் போனபோது காலை ஏழு மணி, மேகம் ஜன்னல் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தது, மீட்டரில் 312. விலை குறைந்த மீட்டர்கள் காற்றில் ஒளியைப் பாய்ச்சி, சிதறுகிற வெளிச்சத்தை வைத்துத் துகளை எண்ணுபவை. ஈரத்தில் ஊதிய துகளையும் மேகத் துளியையும் தூசி என்றே எடுத்துக்கொள்ளும். ஜன்னலைச் சாத்தி ஹீட்டரைப் போட்டோம். இருபது நிமிஷத்தில் 300 இறங்கி 30-க்குப் பக்கத்தில் வந்தது. மீட்டர் இவ்வளவு நேரம் மேகத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. அண்ணன் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஜன்னலை மறுபடியும் திறக்கலாமா என்று கேட்டார்.